சான் ஹுவான் பவுதிஸ்தா: ஒரு சிற்றூர் காத்த நினைவுகள்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி, தன் குழுவினர் சார்பில் எழுதியது)

முன்னுரை

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பேரரசுகளும் போர்களும் தலைநகரங்களுமே. ஆண்டுகளை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, பிறகு மறந்துவிடுகிறோம். ஆனால் சிற்றூருக்கும் வரலாறு உண்டு. அதைக் கூர்ந்து படித்தால் ஒரு நாட்டின் கதையே அதற்குள் தெரியும் என்று எங்கள் வரலாற்று ஆசிரியையான சிஸ்டர் அடிக்கடி கூறுவார். இவ்வாண்டு அவர் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சிற்றூர் என்று கொடுத்தார். எங்கள் ஐவருக்கும் கிடைத்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் ஹுவான் பவுதிஸ்தா. ஸ்பானிய மொழியில் இதற்கு ஸ்நாபக அருளப்பர் என்பது பொருள். புனிதரின் பெயர் கொண்ட ஊராயிற்றே என்ற மகிழ்ச்சியுடன் படிக்கத் தொடங்கினோம். மகிழ்ச்சியோடு துயரமும் அங்கே இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுத முனைந்துள்ளோம்.

ஊரும் நிலமும்

சான் பிரான்சிஸ்கோ மாநகருக்குத் தெற்கே சுமார் 90 மைல் தொலைவில், சான் பெனிட்டோ மாவட்டத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. சுற்றிலும் குன்றுகள், கீழே செழிப்பான விளைநிலங்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே. கடைத்தெரு என்று சொல்லத்தக்கது ஒன்றே. அதில் சேவல்களும் கோழிகளும் யாருக்கும் அஞ்சாமல் உலாவுவது இவ்வூரின் புகழ்பெற்ற காட்சியாகும்.

ஊரின் நடுநாயகமாக விளங்குவது பழைய மிஷன் கோயில். அது ஒரு சிறு மேட்டின் விளிம்பில் நிற்கிறது. அந்த மேடு சாதாரண மேடு அன்று. சான் ஆண்ட்ரியாஸ் என்னும் புகழ்பெற்ற நிலப்பிளவு அதன் ஓரமாகவே செல்கிறது. பூமியின் இரு பெரும் தட்டுகள் இங்கே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கோயிலின் பக்கச்சுவர்கள் இடிந்தன. 1976இல் அவற்றைச் சீரமைத்து முடித்தனர். நிலம் அசையும் இடத்தில் மண்ணால் கட்டிய கோயில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது வியப்பன்றோ?

மிஷன் தோன்றிய வரலாறு

ஸ்பானிய அரசு கலிபோர்னியாவைத் தன் ஆட்சியில் கொண்டுவர விரும்பியபோது, பிரான்சிஸ்கன் சபைக் குருக்களையும் போர்வீரர்களையும் சேர்த்தே அனுப்பியது. 1769 முதல் 1823 வரை கடலோரத்தை ஒட்டி 21 மிஷன்கள் எழுந்தன. மிஷன் என்பது கோயில் மட்டுமன்று. வயல், ஆட்டு மாட்டு மந்தை, தறி, தச்சுப்பட்டறை, குடியிருப்பு ஆகிய அனைத்தும் கொண்ட ஒரு முழு ஊராகும். இவற்றுள் பதினைந்தாவதாகிய சான் ஹுவான் பவுதிஸ்தாவை 1797 ஜூன் 24ஆம் நாள், ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, அருட்தந்தை பெர்மின் லாசுவேன் நிறுவினார்.

அந்த நிலம் ஆளில்லாத காடாக இருக்கவில்லை. முட்சன் என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வந்தனர். ஓக் மரத்தின் கொட்டைகளை இடித்து மாவாக்கி, நீர் ஊற்றிக் கசப்பை நீக்கிக் கூழாகக் காய்ச்சி உண்டனர். நீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகக் கூடை முடைந்தனர். அவர்களுக்கென்று மொழியும் பாட்டும் மருந்தும் இருந்தன.

கோயில் சொல்லும் கதைகள்

இப்போதுள்ள கோயிலுக்கு 1803இல் அடிக்கல் நாட்டி, 1812இல் அர்ச்சித்துத் திறந்தனர். கலிபோர்னிய மிஷன் கோயில்களில் அகலத்தில் பெரியது இதுவே. சுவர்கள் சுடாத மண்கல்லால் ஆனவை. தரையில் பதித்த ஓடுகளில் விலங்குகளின் கால்தடங்களைக் காணலாம். ஈர ஓடுகளை வெயிலில் காயவைத்தபோது அவை ஏறி ஓடின போலும்! ஒரு கதவின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை உண்டு. எலி பிடிக்கப் பூனை போய் வருவதற்காக வெட்டியதாம்.

பீடத்தின் பின்சுவருக்கு வண்ணம் தீட்டிய கதையும் சுவையானது. மெக்சிகோ ஓவியர் ஒருவர் கேட்ட நாட்கூலி கட்டுப்படியாகவில்லை. அப்போது கப்பலை விட்டு ஓடிவந்திருந்த தாமஸ் டோக் என்ற அமெரிக்க மாலுமி, உணவும் இருப்பிடமும் தந்தால் போதும் என்று 1818இல் அவ்வேலையைச் செய்து கொடுத்தார். பழங்குடியினரும் அவருக்கு உதவினர்.

இரண்டு குருக்கள்

இம்மிஷனில் பணிபுரிந்தவர்களுள் இருவர் எங்களைக் கவர்ந்தனர். ஒருவர் அருட்தந்தை எஸ்தேவான் தாப்பிஸ். பழங்குடிச் சிறுவர்களுக்குப் பாடற்குழு அமைத்து, ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நிறமாக இசைக்குறிகளைப் பல வண்ணங்களில் எழுதிக் கற்பித்தார். 1825இல் மறைந்த அவர் அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மற்றவர் அருட்தந்தை பெலிப்பே அரோயோ தெ லா குவெஸ்தா. 1808இல் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் இங்கிருந்தார். முட்சன் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் சொற்றொடர்த் தொகுப்பும் எழுதினார். அவை 1861, 1862ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் அச்சாயின. அவர் எழுதி வைத்த அந்தத் தாள்கள் பிற்காலத்தில் எத்தகைய பயன் தந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

மறைக்க இயலாத பக்கம்

இவ்விடத்தில் எங்கள் பேனா சற்று நின்றது. திருமுழுக்குப் பெற்ற பழங்குடியினர் மிஷனை விட்டுத் தம் விருப்பப்படி வெளியேற முடியாது. தப்பிச் சென்றவர்களைப் போர்வீரர் தேடிப் பிடித்து வந்தனர், சாட்டையடியும் உண்டு. கோயிலைக் கட்டிய கைகளும் வயலை உழுத கைகளும் அவர்களுடையவையே. ஆனால் நிலம் அவர்களுடையதாக இல்லை.

மணமாகாத பெண்களையும் சிறுமிகளையும் மிஷன்களில் தனிக் கட்டடத்தில் வைத்து, இரவில் வெளியே பூட்டினர். பாதுகாப்புக்காக என்று கூறப்பட்டது. காற்றோட்டமற்ற அறைகளில் நோய் எளிதில் தொற்றியது. அவர்களுள் எங்கள் வயதினரும் இருந்தனர் என்று படித்தபோது நாங்கள் ஐவரும் சற்று நேரம் பேசவில்லை. எங்களுள் இருவர் விடுதி மாணவிகள். விடுமுறைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள். அந்தச் சிறுமிகளுக்கு எண்ணுவதற்கு விடுமுறை இல்லை.

ஐரோப்பியருடன் வந்த புதிய நோய்களை எதிர்க்கும் வலிமை பழங்குடியினர் உடலில் இல்லை. 1806இல் தட்டம்மை மிஷன்களில் பரவிப் பலரைக் கொண்டுபோயிற்று. கோயிலின் ஓரத்தில் உள்ள சிறு கல்லறைத் தோட்டத்தில் 4,000க்கும் மேற்பட்ட பழங்குடியினர் உறங்குகின்றனர். ஊரில் இன்று வாழ்வோரைவிட இரு மடங்கு! பெயர் பொறித்த கற்கள் மிகச் சிலவே.

புகைவண்டி வராததால் பிழைத்த ஊர்

1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. 1835இல் இந்த மிஷன் அரசின் கைக்கு மாறிற்று. நிலங்கள் பழங்குடியினருக்குக் கிடைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பிறர் கைக்கே போயின. 1850இல் கலிபோர்னியா அமெரிக்க மாநிலமாயிற்று.

இடையில் 1848இல் பிரீன் என்ற அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பம் வெறுங்கையுடன் இவ்வூருக்கு வந்தது. 1846-47 பனிக்காலத்தில் சியேரா நெவாடா மலையில் சிக்கிய டானர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள். அக்கூட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் மாண்டனர். ஆனால் பிரீன் தம்பதியரும் ஏழு குழந்தைகளும் உயிர் பிழைத்தனர். காஸ்த்ரோ குடும்பத்தின் வீட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பிறகு பதினாறு வயது மகன் ஜான் தங்கம் தேடிச் சென்று ஈட்டி வந்த பொருளைக் கொண்டு அவ்வீட்டையே வாங்கினர். மலையில் கைக்குழந்தையாயிருந்த இசபெல்லா, டானர் கூட்டத்தில் பிழைத்தவர்களுள் கடைசியாக 1935இல் மறைந்தார்.

குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் சான் ஹுவான் பவுதிஸ்தா பெரிய தங்கல் ஊர். 1870களில் இருப்புப்பாதை போட்டபோது அது இவ்வூரை ஒதுக்கிவிட்டுப் பக்கத்து ஊர் வழியாகச் சென்றது. வணிகம் குன்றியது. வணிகர்களுக்கு அது இழப்பே. ஆயினும் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. அதனால் கோயிலுக்கு முன்னுள்ள சதுக்கமும், காஸ்த்ரோ பிரீன் வீடும், பழைய விடுதியும், குதிரை லாயமும் அப்படியே நின்றன. 1933இல் மாநில அரசு சதுக்கத்தைச் சுற்றியுள்ள இடங்களை வரலாற்றுப் பூங்காவாக்கியது. 1958இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ திரைப்படத்தைக் கண்டவர்கள் இந்தச் சதுக்கத்தையும் கோயிலையும் அதில் கண்டிருப்பர். படத்தில் வரும் உயர்ந்த மணிக்கூண்டு மட்டும் உண்மையன்று. படத்துக்காகச் செய்த தந்திரம்.

ஒரு மூதாட்டியின் நினைவு

எங்கள் உள்ளத்தில் நீங்காமல் நின்றவர் அசென்சியோன் சொலோர்சானோ என்னும் முட்சன் மூதாட்டி. பக்கத்து ஊரான கில்ராயில் வாழ்ந்த அவர், பச்சிலை மருந்துகளால் ஏழைகளுக்குப் பணமின்றி வைத்தியம் செய்தார். பெற்றோரிடம் கற்ற முட்சன் மொழியை நன்கு அறிந்தவர் அவர் ஒருவரே மீந்திருந்தார். 1929இல் அவர் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது, ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பீபாடி ஹாரிங்டன் என்ற அறிஞர் அருகில் அமர்ந்து, அவர் சொன்ன சொற்களையும் மருந்துகளையும் கதைகளையும் நாள்தோறும் எழுதிக்கொண்டார். 1930 ஜனவரியில் மூதாட்டி மறைந்தார். அந்த நாலாயிரம் பேருடன் கோயிலோரக் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அவரோடு அம்மொழியும் புதைந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் 1990களில் முட்சன் வழித்தோன்றல்கள் ஹாரிங்டன் எழுதியவற்றையும் அரோயோ அடிகளாரின் பழைய நூல்களையும் ஒருங்கே வைத்துக்கொண்டு தம் முன்னோரின் மொழியைத் திரும்பக் கற்கத் தொடங்கினர். மொழியறிஞர் துணையுடன் 2016இல் முட்சன் அகராதி வெளிவந்தது. ஒரு குருவின் உழைப்பும் ஒரு மூதாட்டியின் பொறுமையும் நூறாண்டு இடைவெளி கடந்து ஒரே நூலில் சந்தித்தன!

ஊரின் விழாக்கள்

1965இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லூயிஸ் வால்டெஸ் தொடங்கிய ‘எல் தியாத்ரோ கம்பெசீனோ’ என்னும் உழவர் நாடகக் குழு, 1971இல் இவ்வூரில் குடியேறியது. கிறிஸ்மஸ் காலத்தில் இக்குழுவினர் மிஷன் கோயிலுக்குள்ளேயே நாடகம் நடத்தி வந்துள்ளனர். ஓராண்டு குவாடலூப்பே மாதா ஏழை ஹுவான் தியேகோவுக்குக் காட்சி தந்த வரலாறு. மறு ஆண்டு பாலன் இயேசுவைக் காணச் செல்லும் இடையர்களின் கதை. குழுவினருடன் ஊர் மக்களும் வேடம் புனைந்து நடிப்பர்.

டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டி மற்றொரு காட்சி. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் அது. அன்று காலைக் கதிரொளி முகப்பு வழியாக நுழைந்து நேரே பீடத்தில் சென்று படுகிறது. இருளில் காத்திருக்கும் மக்கள் அதைக் கண்டு மகிழ்கின்றனர்.

அதே டிசம்பரில்தான் 2012இல் இன்னொரு நிகழ்ச்சியும் அக்கோயிலில் நடந்தது. மான்டெரே ஆயர் ரிச்சர்ட் கார்சியா, முட்சன் மக்களுடன் ஒப்புரவுத் திருப்பலி நிறைவேற்றி, மிஷன் காலத்தில் அவர்கள் முன்னோர் பட்ட துன்பங்களுக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதும்போது எங்கள் குழுவில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. சாட்டையடியையும் பூட்டிய அறையையும் பள்ளி ஆண்டுமலரில் எழுதலாமா? கோயிலுக்கு இழுக்காகாதா? மூவர் எழுதலாம் என்றோம். இருவர் வேண்டாம் என்றனர். சிஸ்டரிடம் சென்றோம். அவர் உடனே விடை கூறாமல், “ஆயர் மன்னிப்புக் கேட்டாரே, எதற்காக என்று எழுதாமல் அதை மட்டும் எப்படி எழுதுவீர்கள்?” என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்திற்குச் செல்பவர் நன்மைகளை மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது அல்லவா? பிறகு ஐவரும் ஒருமனதாக எழுதினோம்.

இச்சிற்றூர் எங்களுக்குக் கற்பித்தது மற்றொன்றும் உண்டு. கல்லும் மண்ணும் இடிந்தால் மீண்டும் கட்டலாம். முதியோர் நெஞ்சில் இருப்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை. எங்களுள் ஒருத்தி தன் பாட்டி சொல்லும் கைமருந்துகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். “இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கடி?” என்று பாட்டி கேட்டாராம். பன்னிரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. அன்புத் தோழியரே, நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள்.