டிராலி இழுக்க எந்த வண்டி? எத்தனால் காலத்தில் ஒரு கணக்கு

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வெல்டிங், ஃபேப்ரிகேஷன் வேலை எடுத்துச் செய்கிறேன். பாதி வேலை பட்டறையில், மீதி சைட்டில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷெட் வேலை வந்தால், ஜெனரேட்டர் ஏற்றிய இரண்டு சக்கர டிராலியைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு செங்குன்றம் வழியாகப் போவோம். பழைய வண்டியை மாற்றும் நேரம் வந்தபோது பேட்டையில் பலரும் சொன்னது இதுதான்: "கொஞ்சம் பொறுங்க, ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டி வரப்போகுது. எத்தனால் போட்டே ஓட்டலாம்." நன்றாக விசாரித்த பிறகே முடிவெடுத்தேன். ஜெனரேட்டர் டிராலியோ, நடமாடும் உணவுக் கடையோ, கேரவனோ, பின்னால் எதையாவது இழுக்க வண்டி தேடுகிறவர்களுக்கு இது உதவும்.

இ20 வேறு, ஃப்ளெக்ஸ் வேறு

பங்கில் இப்போது நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து வரும் பெட்ரோல் வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. ஃப்ளெக்ஸ் வண்டி அதையும் தாண்டி, எத்தனால் எந்த அளவில் கலந்திருந்தாலும் எஞ்சினே கண்டுபிடித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். டொயோட்டா 2023 ஆகஸ்டில் இன்னோவா ஹைகிராஸில் மாதிரி ஒன்றைக் காட்டியது. பைக்கில் ஹோண்டா, சுசுகி கொண்டுவந்துவிட்டன. லோடு இழுக்கும் வண்டியில் எந்த ஷோரூமிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

லிட்டர் விலையில் ஏமாறாதீர்கள்

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 2003 முதல் ஃப்ளெக்ஸ் கார் ஓட்டும் பிரேசில்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே எத்தனால் போடுவது. பெட்ரோல் 100 ரூபாய் என்றால் எத்தனால் 70 ரூபாய்க்குள் கிடைக்க வேண்டும். அதுவும் நாம் போகும் பாதையில் கிடைக்க வேண்டும். இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் எத்தனால் 100 எரிபொருளைத் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் கொண்டுவந்தது. ஃப்ளெக்ஸ் வாங்க நினைப்பவர் முதலில் அந்தப் பங்க் தன் வழியில் இருக்கிறதா, என்ன விலை என்று பார்க்கட்டும்.

டிராலி மாட்டி மைலேஜ் பாருங்கள்

நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும். இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த வண்டியில் 1 முதல் 2 சதவீதம்தான். டிராலி மாட்டினால் எந்த வண்டியும் கூடுதலாகக் குடிக்கும் என்பதால், அந்த 7 சதவீதம் பெரிய தொகையாகிவிடும். அதனால் ஷோரூமில் சொல்லும் மைலேஜை நம்பி வாங்காதீர்கள். டேங்கை நிரப்பி, டிராலியோடு ஒரு சைட்டுக்குப் போய்வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பி, கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பாருங்கள்.

இழுவைதான் முக்கியம். மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டுக் கிளப்பும்போது, டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுத்துவிடும். சின்னப் பெட்ரோல் எஞ்சினை முறுக்கினால்தான் ஏறும், கிளட்ச்சும் தேயும்.

டேங்கில் தண்ணீர்

எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மழைக்காலத்தில் வண்டியை வெகுநாள் நிறுத்த வேண்டியிருந்தால் டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் எரிபொருளைத் தெளிவான கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவசரத்துக்கென்று சின்ன டேங்கில் கிடக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கிவிடும். அவ்வப்போது பெட்ரோலிலும் ஓட்டி, புதிதாக ஊற்றுங்கள்.

வண்டியைவிட டிராலி

எந்த எரிபொருளாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. டிராலியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 800 கிலோ டிராலி என்றால் 80 முதல் 120 கிலோ. சமதளத்தில் நிறுத்தி, முன்முனைக்கு அடியில் எடை மெஷினை வைத்தாலே தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் ஜெனரேட்டரை அச்சுக்கு முன்பக்கம் நகர்த்துங்கள். பின்பாரம் கூடிய டிராலி வேகத்தில் இடமும் வலமுமாக ஆடி வண்டியையே கவிழ்த்துவிடும். சட்டப்படி டிராலியும் மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பாரம் மீறினால் 20,000 ரூபாய் அபராதம். மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000.

நான் டீசல் பிக்கப் வாங்கினேன். பாரம் இழுத்து நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இன்று அதுவே சரி. ஊருக்குள் சின்ன லோடு என்றால் இ20-க்கு ஏற்ற பெட்ரோல் வண்டியோ, பங்க் பக்கத்தில் இருந்தால் சிஎன்ஜியோ போதும். கரும்பும் தானியமும் விளைவிக்கும் நம் விவசாயிக்குக் காசு போய்ச்சேரும் எரிபொருள் எத்தனால் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. லோடு வண்டியில் ஃப்ளெக்ஸ் வந்து, எத்தனாலும் 70 சதவீத விலைக்குள் நம் சாலையில் கிடைக்கும் நாளில் தயங்காமல் வாங்கலாம். அதுவரை அதற்காகக் காத்திருந்து கைக்கு வந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.