கணவாயின் இரையும் சந்தை வரத்தும்

மழையைப் பார்த்து மிளகாய் வரத்தைக் கணிக்கிறோம். கடல் சரக்குக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. உலகச் சந்தைக்கு ஏராளமாகப் பிடிக்கப்படும் ஹம்போல்ட் கணவாயைக் கொண்டு அதனை இவ்விதழில் காண்போம்.

பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதி, அதாவது சிலி, பெரு, மெக்சிகோ நாடுகளை ஒட்டிய கடல், இதன் இருப்பிடம் ஆகும். பார்வைக்கு நம் ஊசிக் கணவாயின் சாயல்தான். ஆனால் 50 கிலோ வரை எடை ஏறக்கூடியது. ஆயுளோ ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு! அதற்குள் இவ்வளவு வளர வேண்டுமானால் எவ்வளவு தீனி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பகலில் பிராணவாயு குறைந்த ஆழ்நீரில் கிடக்கும். இரவில், உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறு விளக்கு மீன்கள் மேலே வரும்போது இதுவும் மேலேறி அவற்றை வேட்டையாடும். அந்நேரத்தில்தான் மீனவர்கள் விளக்கொளியில் தூண்டில் போடுகிறார்கள். தூண்டிலில் சிக்கியதை அதன் கூட்டமே கடித்துத் தின்பதும் உண்டு. கொள்முதலுக்கு முன்பே சேதாரம்!

எல் நினோ ஏற்படும் ஆண்டுகளில் மேல்நீர் சூடேறி, ஆழத்துச் சத்துநீர் மேலே வருவது குறைகிறது, இரையும் குறைகிறது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் பெருமளவில் நடந்த பிடிப்பு 1997-98 எல் நினோவால் படுத்துவிட்டது, பிறகு மீண்டது. 2009-10 எல் நினோவுக்குப் பின் நடந்ததோ வேறு விதம். அங்கிருந்த கணவாய்கள் ஆறு மாத வயதுக்குள்ளாகவே, மிகச் சிறிய உருவில், முட்டையிடும் பருவத்தை அடைந்துவிட்டன. உருவம் சிறுத்தால் எடை ஏது? சாந்தா ரோசாலியா துறைமுகத்து மீனவர்களின் பிழைப்பு அதனால் பெரிதும் நொடித்தது.

இதற்கிடையே வடக்கேயும் பரவியது. 2004-ல் அலாஸ்கா கடலில்கூடத் தென்பட்டது. அமெரிக்காவின் மான்டெரே விரிகுடாவில் 2002 முதல் சில ஆண்டுகள் ஏராளமாகத் திரிந்தது; அங்கே உணவுக்குப் பிடிக்கப்படும் ஹேக் மீனையும் தின்றது. 2010-க்குப் பின் அங்கிருந்தும் மறைந்தது. அதாவது, ஒரு துறைமுகத்தில் நன்றாக விழுந்த சரக்கு அடுத்த ஆண்டும் அங்கேயே விழும் என்று முன்பணம் கொடுப்பது துணிச்சலான காரியம் எனலாம். 2023-ல் தொடங்கிய எல் நினோவை அடுத்து, 2024-ல் பெரு நாட்டிலும் பிடிப்பு வெகுவாகச் சரிந்தது. வடக்கே பைத்தா துறைமுகத்தில் இதனை நம்பியிருக்கும் பதப்படுத்தும் ஆலைகளுக்குச் சரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.