நாட்பட்ட நோயும் தூங்காத இரவும்

சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வெளியே போட்டிருக்கும் நீள பெஞ்சில் காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும்: "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லைங்க." பக்கத்தில் இருப்பவர், "எனக்கும் அதே கதைதாம்மா" என்பார். அதற்குள் டோக்கன் கூப்பிட்டுவிடுவார்கள். உள்ளே போனதும் சர்க்கரை அளவு, பிரஷர், கால் மரத்துப்போவது எல்லாம் வரிசையாக வரும். தூக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வியாதி வந்தால் தூக்கம் கெடத்தானே செய்யும் என்று நோயாளியும் நினைக்கிறார், வீட்டாரும் நினைக்கிறார்கள்.

மருத்துவ உலகமும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தது. வேறொரு நோயோடு சேர்ந்து வரும் தூக்கமின்மையை 'இரண்டாம்நிலை' என்று ஒதுக்கி, அடிப்படை நோயைக் கவனித்தால் இது தானாகப் போய்விடும் என்றார்கள். பலருக்குப் போகவில்லை. 2005இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, அந்தப் பெயரால் சிகிச்சை தடைப்படுகிறது என்று கவலைப்பட்டு, 'உடன்வாழும் நோய்' என்று சொல்வதே பொருத்தம் என்றது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு பழைய பிரிவினையையே நீக்கிவிட்டது. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்குக் குறையாமல் தூக்கம் கெட்டு, பகல்பொழுதும் அதனால் பாழானால் அது தனி நோய். அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும்.

முடக்குவாதத்தோடு பல வருடங்களாக வாழ்ந்துவரும் எனக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. மருந்து பிடித்து, விரல் மூட்டுகளில் வீக்கம் வடிந்த பிறகும் இரவுத் தூக்கம் திரும்பவில்லை. தூக்கத்தைத் தனியாக எடுத்துப் பேசிய பிறகுதான் வழி பிறந்தது. நல்ல தூக்கம் கிடைத்த மறுநாள் அதே மூட்டு, அதே மாத்திரை, ஆனால் வலி குறைவு. இதற்கு ஆராய்ச்சியின் ஆதரவும் இருக்கிறது. வலி தூக்கத்தைக் கெடுப்பதைவிட, கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுவதே வலுவான தொடர்பு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தூக்கத்தைக் கெடுப்பது எது என்று மூன்று இடங்களில் தேட வேண்டும்: நோயில், மருந்துச் சீட்டில், பழகிப்போன படுக்கையில்.

எந்த நேரத்தில் எழுப்புகிறது?

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நேரம் உண்டு. முடக்குவாதத்தில் வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்கள் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சம் தொடுகின்றன. எழுந்தவுடன் கை மடக்க வராமல் விறைத்துக் கிடப்பதற்கு அதுவே காரணம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் மிகவும் சுருங்குவது அதிகாலை நான்கு மணியை ஒட்டி. நெஞ்செரிச்சல்காரருக்குப் படுத்த கொஞ்ச நேரத்திலேயே புளித்த நீர் மேலேறும்.

சர்க்கரை நோயில் விஷயம் இன்னும் சிக்கலானது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அடிக்கடி எழுப்பும். நரம்பு பாதித்திருந்தால் உள்ளங்கால் எரியும், போர்வை பட்டாலே பொறுக்காது. இன்சுலின் போடுகிறவர் நடுநிசியில் வேர்த்து விறுவிறுத்து, கெட்ட கனவோடு விழித்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருக்கலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு துளி ரத்தம் வைத்துப் பார்ப்பது கட்டாயம். விழிப்பு ஒன்றுதான் என்றாலும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால்தான் ஆறுதல் என்று சிலர் சொல்வார்கள். வீட்டார் அதைப் பதற்றம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்வீடன் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945இலேயே விரிவாக எழுதிய 'ஓய்வறியாக் கால்' நோய் இது. சிறுநீரகம் பழுதானவர்களிடமும் இரும்புச்சத்து குறைந்தவர்களிடமும் அதிகம். ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பெரிதாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கு உறக்க மூச்சுத்தடை இருக்கக்கூடும். எத்தனை மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் பிரித்தறிய ஒரு பழைய டைரி போதும். இரண்டு வாரம், காலையில் எழுந்ததும் நான்கைந்து வரி: எப்போது படுத்தது, ஏறக்குறைய எப்போது தூங்கியது, எத்தனை முறை விழித்தது, எழுப்பியது எது. "ரெண்டு, ரெண்டரை இருக்கும். வலது தோள். திரும்பிப் படுத்ததும் குறைந்தது" என்பது போன்ற குறிப்பு, "தூக்கமே இல்லை டாக்டர்" என்பதைவிட மருத்துவருக்கு எத்தனையோ மடங்கு பயன்படும். இரவில் மணி பார்த்துப் பார்த்து எழுதக் கூடாது. மணி பார்ப்பதே தூக்கத்தை விரட்டும். தோராயம் போதும்.

சீட்டில் ஒளிந்திருக்கும் காரணம்

நாட்பட்ட நோய்க்காரர்களின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தால் தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரை ஒன்றாவது அகப்படும். ஸ்டீராய்டு மாத்திரையை மாலையிலோ இரவிலோ போட்டால் மூளை விழித்துக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்கிறார்கள். நீர் பிரியும் மாத்திரையைப் பொழுது சாய்ந்து விழுங்கினால் இரவு முழுக்கக் கழிவறைக்கு நடக்க வேண்டும். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் ப்ராப்ரனலால், மெட்டோப்ரலால் போன்றவை உடம்பில் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும்.

ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், காபியில் இருக்கும் காஃபீனுக்கு நெருங்கிய உறவு. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். பாரிஸில் போல்வார் ஹோஸ்மன் 102ஆம் எண் வீட்டில், சத்தம் நுழையக் கூடாதென்று 1910இல் படுக்கையறைச் சுவர் முழுக்கத் தக்கைப் பலகை பதித்தார். மூச்சுக்காகக் காஃபீன், உறக்கத்துக்காக வெரோனால் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டார். இரவெல்லாம் எழுதி, பகலில் உறங்கினார். மகத்தான நாவல் பிறந்தது, உண்மைதான். ஆனால் உள்ளேயிருந்து எழுப்பும் மருந்துக்கும் நோய்க்கும் எந்தச் சுவராலும் தடைபோட முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருபவரிடமே, "இந்த மாத்திரையை எந்த வேளைக்குப் போடணும்? தூக்கம் வரமாட்டேங்குதே, மாத்திப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். ஒன்று மட்டும் முக்கியம்: நேரத்தையோ அளவையோ தானாக மாற்றக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

படுக்கையோடு வந்த பகை

நோயும் மருந்தும் சரியான பிறகும் சிலருக்குத் தூக்கம் வராது. தீ வைத்தவன் போய்விட்டாலும் கூரை எரிந்துகொண்டிருப்பது போன்ற நிலை இது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதற்கு விளக்கம் தந்தார். தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பது நோயாக இருக்கலாம். அதை நீட்டிப்பது, சமாளிக்க நாம் பழகிக்கொண்ட வழிகள்: விட்ட தூக்கத்தைப் பிடிக்க எட்டு மணிக்கே படுப்பது, பகலெல்லாம் கட்டிலில் சாய்ந்து கிடப்பது, அங்கேயே போன் பார்ப்பது. நாளடைவில் கட்டிலைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளும்.

இதற்கான சிகிச்சைதான் சி.பி.டி.ஐ. எனப்படும் நடத்தைவழிச் சிகிச்சை. தூக்க மாத்திரைக்கு முன்னால் இதையே தர வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி பரிந்துரைத்தது. இதன் ஒரு பகுதி, உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த விதி: தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படு, இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடு, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு.

முழங்கால் மடங்காதவர் நடுராத்திரி எப்படி எழுவது? விதியை உடம்புக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் கட்டிலுக்கு அருகே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. அதன் மேல் ஒரு பருத்திச் சால்வை, எட்டும் தூரத்தில் ஃபிளாஸ்கில் வெந்நீர், தரையை மட்டும் காட்டும் சின்ன விளக்கு. ஃபிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகிவைத்தால் காலையில் விறைத்த விரலால் திறக்க முடியாது என்பதால் அதைச் சும்மா பொருத்திவைப்பதும் ஏற்பாட்டில் அடக்கம். எழுந்து நாற்காலிக்கு மாறுகிறேன், கண் சொருகியதும் படுக்கைக்குத் திரும்புகிறேன். அறவே எழ முடியாதவர்கள் படுக்கையிலேயே நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

சிகிச்சையின் இன்னொரு பகுதி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. டைரிப்படி ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறோமென்றால், நள்ளிரவு படுத்து ஐந்தரைக்கு எழுவது. தூக்கம் இறுகியதும் கால் மணி கால் மணியாகக் கூட்டுவது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. மற்ற நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

சின்னச் சின்ன உதவிகளும் உண்டு. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் பத்து நிமிட வெந்நீர்க் குளியல் மூட்டுக்கும் இதம், தூக்கத்துக்கும் துணை. கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் மட்டும் வெந்நீரில் கால் வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் காபியை மதியத்தோடு நிறுத்துவது நல்லது. பக்கவாட்டில் படுக்கிறவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு இழுக்காது.

கடைக்காரர் தரும் மாத்திரை

"தூக்கத்துக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று மருந்துக் கடையில் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அல்பிரசோலம், சோல்பிடெம் ஆகியவை இந்தியாவில் 2014 முதல் அட்டவணை எச்-1இல் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். மூச்சுக்கோளாறு உள்ளவருக்கு இவை மூச்சை மந்தமாக்கலாம், எலும்பு தேய்ந்தவரை இரவில் விழச் செய்யலாம். தூக்கத்துக்காகச் சிலர் போடும் அலர்ஜி மாத்திரை முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் தரும். பலகாலமாகத் தூக்க மாத்திரை போடுபவர் அதைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

விடிய விடிய விழித்திருப்பவருக்கு வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றத் தொடங்கினால் அடுத்த பரிசோதனை தேதிவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் டெலிமானஸ் மனநல ஆலோசகர்கள் இரவிலும் பேசுவார்கள், தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் "கண்ணை மூடிப் படுங்க, தானா வரும்" என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாளோடு அந்த இரண்டு வார டைரியையும் எடுத்துக்கொடுங்கள். உள்ளே போனதும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முன்னால் தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.