பயணி விமானத்தில் வான்குடை இல்லாமை ஏன்?

கப்பலிற் செல்வோனுக்கு மிதவைச் சட்டை உண்டு. போர் விமானத்தைச் செலுத்தும் வீரனுக்கு வான்குடை உண்டு. முந்நூறு பேரைச் சுமந்துகொண்டு முப்பத்தையாயிரம் அடி உயரத்திற் செல்லும் பயணி விமானத்தில் மட்டும் ஒருவருக்கேனும் வான்குடை வழங்கப்படுவதில்லை. இஃது ஏன் என்னும் வினா எமது வகுப்பறைகளிலே நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவது. முன்னாளில் இதனைக் கேட்ட மாணவன் விமானத்தைப் படத்திலும் வானத்திலும் மட்டுமே கண்டவன். ஆதலின் அது பொழுதுபோக்கு வினாவாயிருந்தது. இன்றோ மலைநாட்டுத் தோட்டங்களினின்றும் தாய்மார் பலர் கட்டுநாயக்கா வழியாக மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிக்குச் செல்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் இதே வினாவைக் கேட்கும்போது, சிரித்து மழுப்பிவிட ஆசிரியனுக்கு உரிமையில்லை. தக்க விடை கூறல் வேண்டும். அவ்விடைக்குச் சான்று தேடித் தூர தேசம் செல்ல வேண்டுவதில்லை. மஸ்கெலியாவுக்கு அணித்தேயுள்ள ஏழு கன்னியர் மலையே சான்றாக நிற்கின்றது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ‘பரசூட்’ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். வீழ்ச்சியினின்று காப்பது என்பது அதன் பொருள். 1797ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள் காணரின் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிசு நகரின்மேற் பறந்த பலூனிலிருந்து இத்தகைய குடையொன்றன் துணைகொண்டு இறங்கிக் காட்டினார். தமிழிலே இதனை வான்குடை என்று வழங்கிய பெரியார் யாவராயினும், அவர் தந்த உவமை அழகியது; எண்ணுந்தோறும் பொருள் விரிவது. குடை யாருக்குப் பயன்படும்? மழை வருகின்றதென்று அறிந்து, அதனை விரிப்பதற்குக் காலமும் இடமும் வாய்க்கப் பெற்றவனுக்கே பயன்படும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் குடை கையிலிருந்தும் நனையவேண்டியதுதான்.

1974ஆம் ஆண்டு திசெம்பர் 4ஆம் நாள் இரவு, ஒல்லாந்து நாட்டு மாட்டினெயர் நிறுவனத்தின் டீ.சி. 8 வகை விமானமொன்று இந்தோனேசியாவின் சுராபாயா நகரிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு வந்தது. இடையே கட்டுநாயக்காவில் இறங்கிப் பின்னர் ஜித்தாவுக்குச் செல்வதே அதன் பயண ஒழுங்கு. யாத்திரிகர் 182 பேர்; பணியாளர் 9 பேர். இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், கட்டுநாயக்காவுக்கு இன்னும் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் இருக்கையிலே, ஏழு கன்னியர் மலைச்சரிவில் 4,355 அடி உயரத்தில் அவ்விமானம் மோதியது. 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதனினும் கொடியது பிறிதில்லை. நோர்ட்டன் பிறிட்ஜ் பகுதியில் இதற்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அவ்விரவை நினைவிற் கொண்ட முதியோர் அம்மலையடிவாரத் தோட்டங்களில் இன்றும் உளர். அவர்களைக் கண்டு கேட்டு எழுதி வைத்தல் எமது உயர்வகுப்பு மாணவர் செய்யத்தக்க நற்பணியாகும்.

அவ்விமானத்தில் இயந்திரம் பழுதுபட்டதன்று, தீப்பற்றியதுமன்று. விமானநிலையத்தைக் குறித்துத் தாம் எவ்விடத்தில் இருக்கின்றனர் என்பதை விமானமோட்டிகள் பிழையாகக் கணித்துவிட்டனர் என்பதே விசாரணையிற் கண்ட முடிபு. விமானநிலையம் அண்மித்துவிட்டதென்று கருதி உயரத்தைக் குறைத்து வந்தனர். 2,000 அடிக்கு இறங்கலாம் என்று கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையம் அனுமதியும் அளித்திருந்தது.

இங்கே மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இத்தகைய அனுமதியிற் கூறப்படும் 2,000 அடி கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. நீர்கொழும்புக் கடற்கரையில் 2,000 அடி என்றால் வானம். எமது நாட்டிலே 2,000 அடி என்றால் நிலத்துக்குள்ளே. ஹற்றன் புகையிரத நிலையமே நாலாயிரம் அடிக்கு மேலே நிற்கின்றது. நுவரெலியாக் கடைவீதியோ ஆறாயிரம் அடிக்கும் மேலே. விமானம் மோதிய உயரம் ஹற்றன் நகரத்தின் உயரத்தினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. சிவனொளிபாதமலைக்கு ஏறுவோர் நாள்தோறும் கடந்து செல்லும் உயரத்தினும் அது தாழ்ந்ததே. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் ஏறினால் எமக்கு அரைநாளை விழுங்கும் தூரம், அவ்விமானத்துக்குப் பத்து நிமிடத் தூரம். அப்பத்து நிமிடத்தில் ஏற்பட்ட பிழையே 191 உயிர்களைக் கொண்டது.

அவ்விரவில் ஒவ்வோர் இருக்கையின் கீழும் ஒரு வான்குடை வைக்கப்பட்டிருந்ததாகக் கொள்வோம். என்ன பயன் விளைந்திருக்கும்? மலை எதிரே நிற்கின்றது என்பதை விமானமோட்டியே அறிந்திலர். அறிந்திருப்பின் விமானத்தை மேலே உயர்த்தியிருப்பார். அவர் அறியாததைப் பயணிகள் எவ்வாறு அறிவர்? இறங்கப் போகின்றோம் என்றெண்ணி இருக்கைப் பட்டியைப் பூட்டி அமர்ந்திருந்தவர்களுக்கு அபாயம் வருமென்ற அறிவே இல்லாதபோது, குடை எடுப்பார் யார்?

“அபாயத்தை முன்னரே அறிந்திருந்தால் குதிக்கலாம் அன்றோ?” என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் முப்பத்தையாயிரம் அடியில் வெளியே உள்ள குளிர், நீர் உறையும் நிலைக்கு ஐம்பது பாகைக்கும் கீழ். காற்றின் அழுத்தம் கடல் மட்டத்து அழுத்தத்தின் நாலிலொரு பங்கு. எவரெஸ்ட்டுச் சிகரம் 29,000 அடி என்பதை நினைத்துக்கொண்டால் இவ்வுயரம் எத்தகையது என்பது விளங்கும். அங்கே பிராணவாயுக் கருவியின்றி மனிதன் அறிவு தெளிந்திருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடமே. விமானமோ மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. கதவைத் திறக்கவும் இயலாது. உள்ளே செறிந்த காற்று அதனைத் தொன் கணக்கான விசையுடன் நெருக்கிப் பிடித்திருக்கும்.

குதித்தவன் ஒருவன் உண்டு என்பதை வரலாறு வாசிக்கும் மாணவர் எடுத்துக்காட்டுவர். 1971ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அமெரிக்காவிலே பயணி விமானமொன்றைக் கைப்பற்றி, இரண்டு இலட்சம் டொலரும் நான்கு வான்குடைகளும் பெற்றுக்கொண்டு குதித்தவன் அவன். கூப்பர் என்னும் பெயரால் அறியப்படுகின்றான். ஆயின் அவன் விமானத்தைப் பத்தாயிரம் அடிக்குத் தாழ்த்தி, வேகத்தைக் குறைக்கச் செய்து, பின்புறப் படிக்கட்டு வழியாகவே குதித்தான். அவ்வளவு ஒழுங்கு செய்தும் அவன் உயிர் பிழைத்தானா என்பது இன்றுவரை தெரியவில்லை. கள்வனைப் பயணிகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுதல் எவ்வாற்றானும் பொருந்தாது!

இனிச் சிறு கணக்கொன்று போடுவோம். 182 பயணிகளும் ஒரே வாயிலால் இரண்டு விநாடிக்கு ஒருவராகக் குதிப்பதாயின், 364 விநாடி, அஃதாவது ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டும். இந்த வேகமும் பயிற்சி பெற்ற படைவீரருக்கே கைவருவது. கைக்குழந்தையை ஏந்திய தாயும், ஊன்றுகோல் பிடித்த முதியவரும், ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளும் கூட்டமும் உள்ள இடத்திலே இக்கணக்கு நிற்குமா? வான்குடை ஒன்றின் எடை பத்துக் கிலோ எனக் கொண்டால் எல்லாமாக ஏறத்தாழ இரண்டு தொன். எடைக்கு அஞ்சியும் செலவுக்கு அஞ்சியுமே நிறுவனங்கள் இதனை வழங்கவில்லை என்று கூறுவாருளர். செலவுக் கணக்குப் பாராத நிறுவனம் உலகில் இல்லைதான். ஆயினும் இங்கு அது முதற்காரணமன்று. செலவின்றிக் கிடைப்பினும் வான்குடை பயன்படாது என்பதே உண்மை.

மேலும், விபத்துகளிற் பெரும்பாலானவை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதுமே நிகழ்கின்றன. அவ்வேளை நிலம் அண்மையில் இருத்தலின் குடை விரிவதற்கே உயரம் போதாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், மக்காவிலிருந்து மீண்ட இந்தோனேசிய யாத்திரிகரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நாட்டு விமானமொன்று கட்டுநாயக்கா ஓடுபாதையை அடையுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. இருந்தோர் 262 பேர். இறந்தோர் 183 பேர். எஞ்சிய 79 பேரும் விமானத்தின் உள்ளே இருந்தே உயிர் தப்பினர். 2009ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் வலுவிழந்த விமானம், மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றின்மேல் இறக்கப்பட்டது. அதிலிருந்த 155 பேரும் பிழைத்தனர். ஆகாயத்தில் இயந்திரம் நின்றாலும் விமானம் கல்லைப்போல் வீழ்வதில்லை. பருந்துபோல் இறகை விரித்து நெடுந்தூரம் வழுக்கிச் செல்லவல்லது. இறக்கையே அதன் குடை எனலாம்.

சீவக சிந்தாமணி கற்றோர் ஈண்டு விசயையை நினைவுகூர்வர். சச்சந்தன் தன் தேவிக்காக மயிற்பொறி செய்வித்தபோது, குதிப்பதற்கு உபாயம் தேடினானல்லன். பொறியைச் செலுத்தும் முறையையே பயிற்றுவித்தான். அவள் வானத்திலே மயங்கிச் சோர்ந்தபோதும் அப்பொறி அவளைச் சுமந்தபடியே நிலத்தில் இறங்கிற்று. கற்பனையே எனினும், ஏறியவரைப் பொறியோடு சேர்த்து இறக்குவதே காப்பு என்னும் கருத்து அதில் உண்டு.

அக்கருத்தை ஒருவாறு மெய்ப்பித்த விமானங்களும் உள. அமெரிக்காவில் ஆக்கப்படும் சிறஸ் என்னும் சிறு விமானங்களில் விமானம் முழுவதையுமே தாங்கும் வான்குடை பொருத்தப்பட்டுள்ளது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆனால் அவ்விமானத்தின் நிறை ஒன்றரைத் தொன் அளவினதே. நூறு தொன்னுக்கு மேற்பட்ட பயணி விமானத்தைத் தாங்குங் குடையை மடித்து வைக்கவே இன்னொரு விமானம் வேண்டும்.

அங்ஙனமாயின் ஏழு கன்னியர் மலையில் மாண்டோரைக் காத்திருக்கக்கூடியது எது? அந்த விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 திசெம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் விமானமொன்று இதே விதமாக மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதனையடுத்து, நிலம் அண்மிப்பதை எச்சரிக்குங் கருவியைப் பெரிய விமானங்களிற் பொருத்துமாறு அந்நாட்டு அரசு ஆணையிட்டது. கனடாவிற் பிறந்த டொன் பேட்மன் என்னும் பொறியியலாளர் அக்கருவியை ஆக்குவதில் முன்னின்றவர். விமானத்தின் அடியிலிருந்து வானொலி அலைகளை நிலத்துக்கு அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தால் உயரத்தை அளந்து, நிலம் விரைந்து நெருங்குமாயின் “மேலே இழு” என்று உரத்த குரலில் ஏவுவது அது. ஆயினும் கீழே மட்டும் நோக்கும் கருவிக்கு எதிரே செங்குத்தாக எழும் மலை தோன்றுவதில்லை. அக்குறையும் 1990களின் பிற்பகுதியில் நீக்கப்பட்டது. உலகத்து நிலப்பரப்பின் மேடுபள்ளங்களைக் கருவியின் நினைவகத்திலேயே பதித்துவைத்து, விமானம் நிற்கும் இடத்தோடு ஒப்பிட்டு, மோதுவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்பாகவே எச்சரிக்கும் முறை வந்தது.

இன்று எமது பழைய மாணவரும், தோட்டத்துத் தாய்மாரும் கட்டுநாயக்காவிலிருந்து ஏறிச் செல்லும் பெரிய விமானங்களில், ஓட்டுநர் அறையின் பின்னே சிறு பெட்டியொன்றில் இக்கருவி இருக்கின்றது. பிதுருதலாகலையும் சிவனொளிபாதமலையும் ஏழு கன்னியரும் தத்தம் உயரத்தோடு அதனுள்ளே பதிந்துள்ளன.