தராசும் தயையும்

வியாபாரமோ கைத்தொழிலோ செய்யும் அன்பர்கள், சத்சங்கம் முடிந்த பின் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘கையில் போதிய பணமின்றி வருபவருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கலாமா? கொடுத்தால், முழு விலை தந்தவருக்கு அநீதி செய்ததாகாதா? கொடுக்காவிட்டால் மனம் உறுத்துகிறதே!’

‘இரக்கம் காட்டுங்கள்’ என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிடுவது, கடை நடத்தாத எங்களைப் போன்றவர்களுக்கு எளிது. மாதம் பிறந்தால் வாடகையும் வேலையாட்களின் சம்பளமும் கொடுக்க வேண்டியவருக்கு அது எளிதன்று. ஆகவே சற்று நிதானமாகவே ஆராய்வோம்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், மோட்ச தர்மப் பகுதியில், காசி நகர வியாபாரியான துலாதாரரின் வரலாறு வருகிறது. வாசனைப் பொருட்களும் மூலிகைகளும் விற்று வாழ்ந்தவர் அவர். சடையில் பறவைகள் கூடு கட்டி வாழும் அளவிற்கு அசையாமல் தவம் புரிந்தவர் ஜாஜலி முனிவர். அந்தத் தவத்தால் கர்வம் கொண்ட அவர், தர்மத்தைக் கற்க இந்த வியாபாரியிடம் வர வேண்டியதாயிற்று. தமது தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்பதே துலாதாரர் அளித்த விளக்கத்தின் உயிர்நாடி.

‘சம’ என்ற வடசொல்லைத் தமிழாக்கும்போது ‘ஒரே மாதிரி’ என்று எழுதிவிடக் கை துடிக்கும். அப்படி எழுதினால் பொருள் குறுகிவிடும். விருப்பு வெறுப்பால் ஒரு பக்கம் சாயாதிருப்பதே இங்கு சமம். தராசு காட்டும் எடை உண்மை. அதை எவருக்காகவும் மாற்ற வியாபாரிக்கு உரிமையில்லை. விலையில் அடங்கிய லாபமோ அவருடைய உடைமை. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஏழைக்குக் கூலியைக் குறைத்த தையற்காரர் தையலையும் அள்ளித் தெளித்தாற்போல் போட்டால், அவர் குறைத்தது தம் லாபத்தை அன்று, தராசையே.

முழு விலை தந்தவரின் நிலை என்ன? அவர் தந்தது நியாய விலையானால் அவர் எதையும் இழக்கவில்லை. பொட்டலத்தின்மீது அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதைத்தான் நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. குறைத்து விற்பதை அன்று. ஆனால் முதலில் விலையை ஏற்றி வைத்துவிட்டு, ‘உங்களுக்காக மட்டும்’ என்று இறக்குபவரைப் பற்றி இங்கு பேசவில்லை. அது தள்ளுபடியும் அன்று, தயையும் அன்று.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று: விட்டுக்கொடுப்பது யாருடைய பங்கிலிருந்து? குருநானக் தமது இளமையில் பஞ்சாபின் சுல்தான்பூரில், தௌலத் கான் லோடியின் தானியக் கிடங்கைக் கவனித்து வந்தார். அவர் ஏழைகளுக்கு வாரி வழங்குவதாகப் புகார் எழ, கணக்குகள் சோதிக்கப்பட்டன. எஜமானரின் இருப்பில் குறையேதும் காணப்படவில்லை என்று சீக்கிய மரபு கூறுகிறது. தமக்குக் கிடைத்ததிலிருந்தே அவர் கொடுத்து வந்தார்.

மகாராஷ்டிரத்தின் தேஹு கிராமத்தில் துகாராமின் குடும்பம் கடையும் கொடுக்கல் வாங்கலும் நடத்தி வந்தது. 1630-ஐ ஒட்டிய கொடும் பஞ்சத்தின் துயரங்களுக்குப் பின், தமக்கு வர வேண்டிய கடன்களின் பத்திரங்களை அவர் இந்திராயணி நதியில் எறிந்துவிட்டார் என்பர். எறிவதற்கு முன் அவற்றை இரு பங்காகப் பிரித்து, ஒன்றைத் தம்பியிடம் ஒப்படைத்தார். தம்பிக்கும் குடும்பம் இருந்தது. தயை பொங்கிய அந்த வேளையிலும் இந்த விவேகம் அவரிடம் இருந்ததே என்று வியக்காமலிருக்க முடியவில்லை. வேலையாளின் கூலியைப் பிடித்தோ, சரக்குக் கொடுத்தவருக்குத் தர வேண்டியதை இழுத்தடித்தோ காட்டும் தாராளம் பிறர் பணத்தில் செய்யும் தானம்.

எனவே, மாத லாபத்தில் ஒரு பகுதியை இதற்கென முன்னதாகவே ஒதுக்கிவிடுவது நல்லது. வருபவர் கேட்பது மருந்தா, அரிசியா, பிள்ளையின் பள்ளிச் சீருடையா என்றும் பார்க்கலாம். ஆடம்பரப் பொருளுக்கு இந்தச் சலுகை தேவையில்லை. வறுமைக்குச் சாட்சி கேட்டுக் குடைய வேண்டாம். சிலர் ஏமாற்றவும் கூடும். ஒதுக்கிய தொகைக்குள் அந்த நஷ்டமும் அடங்கட்டும். அவமதித்துக் கொடுக்கும் தானத்தைத் தாமசம் என்றே கீதையின் 17-ஆம் அத்தியாயம் வகைப்படுத்துகிறது. நான்கு பேர் நிற்கும் கடையில் ‘பாவம், போகட்டும்’ என்று உரக்கச் சொல்லி விலையைக் குறைப்பதும் அவ்வகையே. ரசீதில் தொகையைக் குறைத்து எழுதிக் கொடுத்தால் போதும்.

சிலர் ‘குறைக்க வேண்டாம், பிறகு தருகிறேன்’ என்பார்கள். அவர்களுக்கு அவகாசம் கொடுப்பதே பொருத்தம். தாமாக நினைவூட்ட வேண்டாம். சில மாதங்கள் கழித்து அவர் பணத்துடன் வந்தால், ‘இருக்கட்டும்’ என்று பெருந்தன்மையாக மறுத்துவிடாமல், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.