தோல்விக்குப் பின் தொடரும் முயற்சி

தேர்வில் தோற்ற மாணாக்கருள் ஒருவர் அப்பாடத்தையே ஒதுக்கிவிடுகிறார். மற்றொருவர் முன்னிலும் மிகுதியாக அதில் ஈடுபடுகிறார். இதனைத் தனி மனிதரின் இயல்பென்றே ஆசிரியர்கள் கொள்வது வழக்கம். வளர்ந்த சமூகத்தின் எண்ணப் போக்குக்கும் இதில் பங்குண்டு என்பதை, ஸ்டீவன் ஹைன் என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி புலப்படுத்தியது.

ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் பல்கலைக் கழக மாணாக்கரிடம் இச்சோதனை நடத்தப்பெற்றது. மூன்று சொற்களைக் கொடுத்து, அம்மூன்றோடும் தொடர்புடைய நான்காவது சொல்லைக் காணுமாறு கேட்பது இதன் முறை. சிலருக்கு எளிய தொகுதியும், சிலருக்கு மிகக் கடினமான தொகுதியும் தரப்பெற்றன. ஆகவே முன்னவர் வென்றதாகவும் பின்னவர் தோற்றதாகவும் எண்ணினர். பின்னர் அவர்களைத் தனியே இருக்கவிட்டு, அதே வகையான மற்றொரு தொகுதியில் எவ்வளவு நேரம் தாமாகவே முயல்கின்றனர் என்பது அவர்கள் அறியாவண்ணம் கணக்கிடப்பட்டது.

வட அமெரிக்க மாணாக்கருள் வென்றவரே நெடுநேரம் முயன்றனர். தோற்றவர் விரைவில் கைவிட்டனர். ஜப்பானியரிடம் காணப்பட்டது இதற்கு நேர்மாறு. தோற்ற ஜப்பானியர், வென்றவரைக் காட்டிலும் அச்சோதனையை முக்கியமானதென மதித்தனர். தோற்ற வட அமெரிக்கரோ அதன் மதிப்பையே குறைத்துக் கூறினர்; எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியின் கதை நம் நினைவுக்கு வருகிறது.

இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம், முயற்சியின் பயனைப் பற்றி இரு சமூகத்தாரும் கொண்டுள்ள கருத்தே என்று ஆராய்ச்சியாளர் காட்டினர். இத்தகைய வேலையில் முயற்சியே பலன் தரும் என்று முன்னரே கூறப்பட்டபோது, தோற்ற அமெரிக்க மாணாக்கரும் நெடுநேரம் முயன்றனர். ஜப்பானியரிடம் அக்கூற்று மாற்றம் எதையும் விளைக்கவில்லை. அவர்கள் முன்பே அவ்வாறு எண்ணியிருந்தனர் போலும்.

இவை குழுக்களின் சராசரி அளவுகளேயன்றி, எதிரில் அமர்ந்திருக்கும் ஒரு மாணாக்கரை அளக்கும் கோல் அல்ல. இந்திய மாணாக்கர் இதில் சேர்க்கப்படவும் இல்லை. எனினும், விடைத்தாளைத் திருப்பித் தரும்போது “உனக்குக் கணக்கு வராது” என்று கூறிவிடும் ஆசிரியர் இங்குச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். கைவிட்டவரிடம் ஒரு சொல்லே மாற்றம் விளைத்ததை மேலே கண்டோம். இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஜப்பானியரின் மிகுதியான முயற்சி, தாம் தோற்ற அதே வகை வேலைக்கே உரியதாயிருந்தது. எனவே, தோற்ற மாணாக்கருக்கு ஆறுதலாக எளிய வேறு பயிற்சியைத் தருவதினும், பிழை நேர்ந்த இடத்தைக் குறித்துக் காட்டி, அதே வகைக் கணக்கை மறுவாரம் மீண்டும் தந்து பார்ப்பது தகும் எனத் தோன்றுகிறது.