பழைய தேக்கு ஜன்னலுக்கு மறுவாழ்வு

செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்படும்போது கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேரும் பர்மா தேக்கு ஜன்னல்கள், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகவோ சுவர் அலமாரிக்குக் கதவாகவோ இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடியவை. வாங்குமுன் மூலை இணைப்புகளை ஊசியால் குத்திப் பார்த்து, மரம் உளுத்துப் போகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

இதனினும் முதன்மையானது பழைய பெயின்ட். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என வரையறுத்த விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் எனக் கொண்டு, உப்புத்தாளால் உலரத் தேய்க்காமல், நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஆதலால், அவர்களை அருகில் விடவே கூடாது.